அசல் பட்டு அந்தஸ்தான கதை

கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து, பந்திக்குக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கால்மணி நேரம் கிடைக்கும். அப்போது நாற்காலி வரிசைகளைக் கவனியுங்கள். பக்கத்தில் இருப்பவரின் முந்தானையை ஒரு கை மெல்ல எடுக்கும். "நல்லா இருக்கே அக்கா, எங்க எடுத்தீங்க?" என்று வாய் கேட்கும்போதே விரல்கள் முந்தியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிடும். கட்டைவிரல் பேட்டை, அதாவது ஜரிகைக் கரையை, தேய்த்துப் பார்க்கும். "காஞ்சிபுரமா?" என்பது அடுத்த கேள்வி. பதில் வருவதற்குள் முடிவு ஆகிவிடும்: அசல், அல்லது ஆஃப் ஃபைன், அல்லது "ஏதோ செமி சில்க்". அந்த முடிவு புடவையோடு நிற்பதில்லை. கட்டியிருப்பவர் மேலும் அவர் வீட்டார் மேலும் போய் உட்காரும். பெண் வீட்டார் எடுத்த புடவை என்றால், அந்தப் பெண் புகுந்த வீட்டில் பத்து வருஷம் கழித்தும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

காஞ்சிபுரத்தில் தறி ஓடத் தொடங்கிப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் ஜரிகையைத் தேய்த்து மனிதரை எடைபோடும் இந்தப் பழக்கத்துக்கு அவ்வளவு வயதில்லை. அதற்கு முன் அதன் தேவையே இருக்கவில்லை. யார் எதை உடுத்தலாம், எதில் ஏறலாம் என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. துணி நெய்து ஊருக்குச் செல்வம் சேர்த்த கைக்கோளர்கள்கூட, விசேஷ நாட்களில் சங்கு ஊதவும் பல்லக்கு ஏறவும் உரிமை கேட்டுப் பெற வேண்டியிருந்தது. விஜயநகர ஆட்சிக்காலக் கல்வெட்டுகளில் அந்த உரிமை பதிவாகியிருக்கிறது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்குப் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859இல் அரசர் அனுமதி அறிவித்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. அதாவது மறைத்துக்கொள்ளலாம், ஆனால் எங்களைப் போலத் தெரியக் கூடாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது என்பதும், ஆண்களின் உடை முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஜே. எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர்க் கொடுமை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி 1574இல் போட்ட ஆணை, தங்க இழைத் துணியும் ஊதா நிறப் பட்டும் அரச குடும்பத்துக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் மட்டும் என்று வரையறுத்தது.

தடைகள் சட்டத்தில் உதிர்ந்தபின் அந்த இடத்துக்கு விலை வந்தது. பணம் இருந்தால் யாரும் வாங்கலாம். அப்படியென்றால் பணம் இருப்பதைப் பார்த்தவுடன் தெரியும்படி காட்ட ஒரு பொருள் வேண்டும். தமிழ்நாட்டில் அந்த இடத்துக்குக் காஞ்சிப் பட்டு வந்து சேர்ந்தது.

ஒரு காலத்தில் தஞ்சைப் பக்கத்துக் கல்யாணங்களில் மணப்பெண் கட்டியது மாயவரத்தை ஒட்டிய கூறைநாட்டுப் புடவை. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்தது. கூறைப்புடவை என்ற பெயர் இன்னமும் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் இன்று தட்டில் வைப்பது பெரும்பாலும் காஞ்சிபுரம்தான். இந்த மாற்றத்துக்குச் சென்னையின் வளர்ச்சி ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் மாம்பலத்து ஏரிப் பக்கம் புது நகரம் போட்டார்கள். தியாகராய நகர் என்று பெயர் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து போன நல்லி சின்னசாமி செட்டியார் அங்கே 1928இல் கடை திறந்தார். குடிவந்தவர்கள் வக்கீல்கள், அரசு அலுவலர்கள், வியாபாரிகள். சொந்த ஊரில் இன்னார் வீட்டு மருமகள் என்று எல்லாருக்கும் தெரியும். பட்டணத்தில் யாருக்குத் தெரியும்? வீட்டின் கதையைப் புடவை சொல்ல வேண்டியதாயிற்று.

சபா மேடைகள் அந்தப் புடவைக்கு ஒளி கொடுத்தன. எம். எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் போட்டுக் கொடுத்த நீலம் 'எம்.எஸ். புளூ' என்றே பெயர் பெற்றது. கச்சேரி கேட்டுவிட்டு வந்தவர்கள் மறுநாள் கடையில் அதே நீலம் கேட்டார்கள். கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியில் ருக்மிணி தேவி தறிகள் போட்டு, பழைய பேட்டு வகைகளைத் தேடிப் பிடித்து நெய்ய வைத்தார். அது பெரிய காரியம். அழிந்துபோக இருந்த நெசவு முறைகள் பிழைத்தன. ஆனால் கூடவே இன்னொரு படிக்கட்டும் உருவாயிற்று. பட்டு கட்டுவது ஒரு படி. எந்தப் பட்டு, எந்தக் கரை, எந்த நிறத்துக்கு எந்த நிறம் என்று தெரிந்து கட்டுவது அதற்கு மேல் ஒரு படி.

இனி ஜரிகைக்கு வருவோம். அசல் ஜரிகையில் ஒரு முழத்தைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு இழை இருக்கும். வெள்ளியைக் கம்பியாக இழுத்து, தகடாக நசுக்கி, அந்த இழைமேல் நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அதன் மேல் தங்கப் பூச்சு. நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புத் தெரிய வேண்டும் என்பார்கள். இந்த ஜரிகை வெகுகாலமாகச் சூரத்திலிருந்து வந்தது. 242 கிராம் கொண்ட 'மார்க்' என்ற கணக்கில்தான் விற்பனை. தமிழ்நாடு அரசு 1971இல் காஞ்சிபுரத்திலேயே தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைத் தொடங்கியது.

அசல் ஜரிகையில் வெள்ளி இருப்பதால் புடவைக்கு ஒரு இரண்டாம் வாழ்வும் உண்டு. பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம் என்ற பலகை தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் தொங்கும். புடவையை எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். அம்மாவின் முகூர்த்தப் புடவை தராசில் ஏறும் நேரம் வீட்டில் கஷ்டம் வந்திருக்கிறது என்று அர்த்தம். "வெள்ளி ஜரிகைதானா?" என்று அந்தக் காலத்துப் பெண்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. புடவை அவர்கள் கையிலிருந்த சேமிப்பு. பிறகு சேமிப்பு பற்றிய கேள்வி அந்தஸ்து பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. வெள்ளி எவ்வளவு என்று தன் புடவையைப் பார்த்துக் கேட்டவர்கள், அடுத்தவர் புடவையைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்த மாற்றத்தை வேகப்படுத்தியது போலி. அசலுக்கு மாற்று வராத வரை அசலா என்று யாரும் கேட்பதில்லை. செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் பூசி, அதன் மேல் தங்க நிறம் ஏற்றிய ஆஃப் ஃபைன் ஜரிகை வந்தது. கடைக்காரர்கள் 'டெஸ்டட்' என்பதும் ஏறக்குறைய அந்த ரகத்தைத்தான். அதற்குக் கீழே பாலியெஸ்டர் படலத்தில் உலோகம் பூசிய பிளாஸ்டிக் ஜரிகை. பட்டு நூலுக்கே மாற்றாக ரேயான் வந்தது, ஆர்ட் சில்க் என்ற பெயரோடு. சேலம் இளம்பிள்ளையில் விசைத்தறிகள் பட்டு போலவே தெரியும் சேலைகளை ஆயிரக்கணக்கில் நெய்து தள்ளின. நாலு அடி தள்ளி நின்றால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கண் தோற்ற இடத்தில்தான் விரல் வேலைக்கு வந்தது. மண்டபத்தில் முந்தியைத் திருப்பும் அந்தக் கை அப்போது பிறந்தது.

அரசும் முத்திரைகளோடு வந்தது. மத்தியப் பட்டு வாரியம் 2004இல் சில்க் மார்க் கொண்டுவந்தது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. வாங்குபவர் ஏமாறாமல் இருக்கவும் நெசவாளர் பிழைப்பு காக்கப்படவும் இவை தேவை. ஆனால் அசலுக்கும் அளவு காலத்துக்குக் காலம் மாறத்தான் செய்கிறது. ஜரிகையில் வெள்ளி 57 சதவிகிதம், தங்கம் 0.6 சதவிகிதம் என்று இருந்தது. வெள்ளி விலை ஏற ஏறக் கட்டுப்படியாகாமல், பின்னர் தங்கம் 0.5, வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24 சதவிகிதம் என்று தரம் வகுத்தார்கள். இன்று அசல் என்று முத்திரை குத்தி வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செம்பு. பழைய கணக்கில் இது அசலாகியிருக்காது. வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் ஆஃப் ஃபைன் கட்டியிருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதற்கு என்ன அடிப்படை இருக்கிறது?

அந்தஸ்து துணியில் இல்லை என்பதற்கு நைலக்ஸ் சேலையே சாட்சி. அறுபதுகளில் வெளிநாட்டிலிருந்து யாராவது நைலக்ஸ் கொண்டுவந்தால் தெருவே வந்து பார்த்தது. கசங்காது, அலசிப் போட்டால் அரைமணியில் காயும். எழுபதுகளில் பூனம் சேலை வந்தது. ஆலைகள் மலிவாகத் தரத் தொடங்கி, வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் கட்ட ஆரம்பித்ததும், அதே செயற்கைத் துணி "பாலியெஸ்டர்தானே" ஆகிவிட்டது. துணி மாறவில்லை, கட்டியவர்கள் மாறினார்கள். 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் ஏழைக்குத் துணியும் நெசவாளிக்கு வேலையும் கொடுத்தது. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வருபவரைப் பார்த்தவுடன் ரேஷன் கடைச் சேலை என்று அடையாளம் சொல்லும் நாக்குகள் இன்றும் இருக்கின்றன.

பிரிட்டனில் இந்த விளையாட்டு இன்னும் நுணுக்கமாக நடந்தது. பர்மிங்காமில் மொழியியல் பேராசிரியராக இருந்த ஆலன் ராஸ் 1954இல் ஒரு கட்டுரை எழுதினார். மேல்தட்டு ஆங்கிலேயரைப் பணத்தால் பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது, இனிப் பேச்சில் வரும் சொற்களால்தான் பிரிக்க முடியும் என்பது அதன் சாரம். மறுவருஷம் எழுத்தாளர் நான்சி மிட்ஃபர்ட் அதை எடுத்துப் பெரிதாக்கினார். சாப்பாட்டு மேசைத் துணியை 'நாப்கின்' என்பவர் மேல்தட்டு, 'சர்வியட்' என்பவர் அதற்குக் கீழ். நாடே தன் பேச்சைச் சரிபார்த்துக்கொண்டது. பணம் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்ததும், முன்பே இருந்தவர்கள் பணத்தால் வாங்க முடியாத ஒரு அளவுகோலைத் தேடுகிறார்கள்.

நம் ஊரிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. முதல் தலைமுறையாகச் சம்பாதித்த ஒரு குடும்பம், கடன் வாங்கியாவது ஒரு கிலோவுக்குக் கிட்டே கனக்கும் ஜரிகைப் புடவை எடுக்கிறது. அவர்களுடைய பாட்டிக்கு அதைத் தொட உரிமை இருந்ததில்லை. அவர்கள் அதை வாங்கும் நாளில், மேலே இருப்பவர்கள் ஒரு படி நகர்ந்துவிடுகிறார்கள். "இவ்வளவு ஜரிகையா? ரொம்பப் பகட்டு. எனக்கெல்லாம் பாட்டி புடவைதான்." அசல் இல்லாதபோது ஒரு ஏளனம், அசல் நிறைய இருந்தாலும் ஒரு ஏளனம். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பாட்டி பட்டுப்புடவை வைத்துவிட்டுப் போவதற்கு, பாட்டி காலத்திலேயே வீட்டில் வசதி இருந்திருக்க வேண்டும். அது ரசனை என்ற பெயரில் சொல்லிக்கொள்ளும் பரம்பரைச் சொத்து.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விசைத்தறியில் ஓடிய ரேயானைக் காஞ்சிப் பட்டு என்று விற்பது திருட்டு. தறிக்காரர் வயிற்றில் அடிக்கும் திருட்டு. குற்றவாளி பொய் சொல்லி விற்றவர். தெரிந்தே செமி சில்க் எடுத்துச் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு வந்த பெண் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் மண்டபத்து விசாரணையில் கூண்டில் நிற்பது அவள்தான்.

இத்தனை விசாரணையிலும் யாரும் பார்க்காதது ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது ஜரிகை இல்லை, கோர்வை. உடல் அரக்கு, பேட்டு பச்சை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நெசவில் உடலின் ஊடை இழை பேட்டுக்குள்ளும் ஓடும். பேட்டின் பச்சை கலங்கித் தெரியும். கோர்வையில் அப்படிக் கிடையாது. இடது பேட்டுக்கு ஊடையை ஓட்டும் ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, வலது பேட்டுக்கு ஒரு நாடா. உடலின் ஊடையும் பேட்டின் ஊடையும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டையும் கையால் கோத்துவிட வேண்டும். நெய்பவர் ஒருவரால் ஆகாது. வலது ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மூன்றாவது நாடாவை ஓட்ட வேண்டும். முந்தி வரும்போது இன்னும் கடினம். உடலின் பாவு இழைகளையும் வேறு நிறத்து முந்திப் பாவு இழைகளையும் ஒவ்வொன்றாக வளையம் போட்டு இணைப்பார்கள், பிட்னி என்பார்கள். ஆயிரக்கணக்கான இழை, எல்லாம் விரல் வேலை. ஒரு புடவை இறங்கப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். புடவை கிழிந்தாலும் பேட்டு பிரியாது என்று நெசவாளர்கள் சொல்லும் பெருமை இந்தக் கோர்வையைப் பற்றியது.

அந்த வலது ஓரத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நெடுங்காலம் அங்கே குழந்தைகள் உட்கார்ந்தார்கள். பெற்றோர் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடம் போகாமல் தறியில் கட்டுண்ட குழந்தைகள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தில் இது எப்படி நடந்தது என்பதை விவரமாகச் சொல்கிறது. அசல் என்று ஊர் மெச்சிய எத்தனையோ புடவைகளின் ஒரு பக்கத்துப் பேட்டில் எட்டு வயதுக் கை ஓடியிருக்கிறது. அதை எந்த விரலும் தேய்த்துக் கண்டுபிடிக்கவில்லை. சட்டமும் பள்ளிக்கூடமும் குழந்தைகளைத் தறியிலிருந்து மீட்டன. அது நடந்தே ஆக வேண்டியது. அந்த இடத்துக்கு மனைவியோ, வயதான தாயோ வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் உழைப்புக்கு ஒருவர் கூலி கட்டுப்படியாகாமல், கோர்வையை விட்டுவிட்டவர்கள் ஏராளம்.

பிள்ளையார்பாளையத்திலும் ஓரிக்கையிலும் அய்யம்பேட்டையிலும் நெசவாளர் வீட்டுப் பையன்கள் இப்போது தறிக்குழியில் இறங்குவது அபூர்வம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. மாதாமாதம் சம்பளம், சீருடை, பி.எஃப். பையன்கள் போவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போகாமல் தறியிலேயே இருக்கிற பையனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் என்ன பண்றார்?" என்று கேட்பார்கள். "தறி" என்றதும் பேச்சு தணிந்துவிடும். நெசவாளர் வீடுகளிலேயே தறிக்காரருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். கான்ட்ராக்ட் வேலையாக இருந்தாலும் கம்பெனி மாப்பிள்ளை வேண்டும். கைத்தறிதானா என்று கேட்டுக் கேட்டு வாங்கும் சமூகம், கைத்தறி நெய்யும் கைக்குக் கொடுத்திருக்கும் இடம் இதுதான். ஆயிரம் ஆயிரமாகப் புடவை நெய்த வீட்டில், பெண்கள் நல்ல நாளுக்குக் கட்டுவது பல நேரம் விசைத்தறிச் சேலை. அவர்களையும் மண்டபத்தில் ஒரு கை தேய்த்துப் பார்க்கும்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைகளில் ஏறினால் விற்பனையாளர் முதலில் சொல்வது ஜரிகையின் ரகத்தை. வாடிக்கையாளர் கேட்பதும் அதையே. இத்தனை வெள்ளி, இத்தனை தங்கம், லேப் சர்டிபிகேட் இருக்கு. ஒரு புடவையைப் பிரித்துப் போட்டு, உடலும் பேட்டும் சேரும் கோட்டைக் காட்டி, இது கோர்வையா என்று கேளுங்கள். பின்பக்கம் திருப்பினால் இரண்டு நிறமும் கலக்காமல், பல் பல்லாகக் கோத்து நிற்கும். ஆஃப் ஃபைன் ஜரிகை போட்ட கோர்வைப் புடவையும் கிடைக்கிறது. அசல் ஜரிகைப் புடவையைவிட விலை பல மடங்கு குறைவு. இரண்டுக்கும் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தது ஒரே அளவு நேரம். இரண்டு புடவையிலும் அந்தக் கோட்டைக் கோத்த கைக்குப் போகும் கூலி எவ்வளவு என்பதையும் அதே கடையில், அதே குரலில் கேட்கலாம்.